மருந்துக்குப் பின்னால் நின்றவர்

நுழையும்முன்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் உண்டு. நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அவ்வதிகாரத்தின் நிறைவில் வள்ளுவர் வகுத்துரைக்கிறார். இந்நான்கனுள் மூவர் மனிதர். நம் கண்முன் நிற்பவர். மருந்து மட்டும் பேசாப் பொருள். தன்னை முதலில் கண்டறிந்தவர் யார், அதற்காக அவர் எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதை அது நமக்குச் சொல்வதில்லை. அவ்வாறு மருந்துக்குப் பின்னால் மறைந்து நின்ற ஓர் ஆராய்ச்சியாளரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

நம் ஊரிலிருந்து தொடங்குவோம்

மாணவர்களே, நாம் வாழும் திருவனந்தபுரத்தில், மருத்துவக் கல்லூரி வளாகத்தில், மக்கள் ஆர்.சி.சி. என்று வழங்கும் மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்துள்ளது. அது 1981 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கேரளத்து மக்களோடு கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கு வருகின்றனர். அங்குள்ள காத்திருப்புக் கூடங்களில் மலையாளத்திற்கு இணையாகத் தமிழும் ஒலிப்பதைக் கேட்கலாம். தலைமுடி உதிர்ந்த சிறு குழந்தைகளைத் தோளில் சாய்த்தபடி தாய்மார்கள் அமர்ந்திருப்பர்.

அக்குழந்தைகளுள் பலருக்கு வந்திருப்பது இரத்தப் புற்றுநோய். சற்றேறக்குறைய 80 ஆண்டுகளுக்கு முன்பு அந்நோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும். மருத்துவர்களால் பெற்றோருக்கு ஆறுதல் கூற மட்டுமே இயன்றது. இன்றோ, முறையான சிகிச்சை பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் நலம் பெற்றுப் பள்ளிக்குத் திரும்புகின்றனர். இம்மாற்றத்திற்குத் துணைநின்ற மருந்துகளுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அது பிறந்த ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவர் அன்றைய சென்னை மாகாணத்தில் பிறந்து, சென்னையில் பயின்றவர்.

இளமையும் வறுமையும்

சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12 ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. அவருடைய தாய்மொழி தெலுங்கு. தந்தையார் உடல்நலம் குன்றி விரைவிலேயே பணியிலிருந்து ஓய்வு பெற்றமையால், குழந்தைகள் பலரைக் கொண்ட அக்குடும்பம் வறுமையில் வாடியது.

பின்னாளில் உலகம் வியக்கும் ஆராய்ச்சியாளராக விளங்கிய அவர், பள்ளியில் முதல் மாணவராக இருந்தவர் அல்லர். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே வெற்றி பெற்றார். அவ்வெற்றி சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது கிட்டியது. அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும், தொடர்ந்து சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கல்விச் செலவுக்கு நண்பர்களும், பின்னர் அவருக்குத் தம் மகள் சேஷகிரியை மணம் செய்துகொடுத்த கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினர்.

கதராடையால் வந்த இழப்பு

அது விடுதலைப் போராட்டக் காலம். அயல்நாட்டுப் பொருள்களை விலக்குமாறு காந்தியடிகள் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். சுப்பாராவ் அவ்வழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். இச்செயல் அவருடைய ஆங்கிலேயப் பேராசிரியருக்குச் சினமூட்டியது. எழுத்துத் தேர்வை நன்கு எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு முழுமையான மருத்துவப் பட்டம் வழங்கப்படவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. மருத்துவப் பணியில் உயர்வதற்கான வழி அவருக்கு அடைபட்டது.

அவர் சோர்ந்து அமரவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியராகச் சேர்ந்தார்.

இக்காலத்தை ஒட்டி அவருடைய குடும்பத்தில் பெருந்துயர் நேர்ந்தது. உடன்பிறந்தோர் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல்நோயால் அடுத்தடுத்து இறந்தனர். உண்ணும் உணவின் சத்து உடலில் சேராமல், ஓயாத வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் வாட்டி, மனிதரை மெலியச் செய்யும் நோய் அது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் உயிர் பிழைத்தார். தம் உடன்பிறந்தோரைக் கொன்ற நோய்க்கு மருந்து எது என்னும் வினா அவர் வாழ்வில் இவ்வாறு நுழைந்தது. விடை கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கடல் கடந்த பயணம்

1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் பயணமானார். காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் பொருளுதவி செய்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயில இடம் கிடைத்தது. ஆயினும் கையிலிருந்த பணம் போதவில்லை. அவர் பகலில் பயின்று, இரவில் மருத்துவமனையொன்றில் பணியாளாக வேலை செய்தார். மருத்துவம் கற்ற ஒருவர் அயல்நாட்டில் நோயாளிகளின் கழிகலங்களைத் துலக்கிப் பிழைக்க வேண்டியிருந்தது. உழைப்பில் இழிவில்லை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று கருதியே அவர் புறப்பட்டிருந்தார். ஆனால் அவர் தாயகம் திரும்பவே இல்லை. அவர் அயல்நாட்டில் இருந்தபோது, அவருடைய ஒரே மகன் கைக்குழந்தையாகவே தொற்றுநோயால் இறந்தான். தாயகத்தில் காத்திருந்த சேஷகிரி அம்மையார் தம் கணவரை மீண்டும் காணவே இல்லை. பிழைப்புக்காகவும் பணிக்காகவும் குடும்பங்கள் பிரிந்து வாழ்வதை நம்மில் பலர் அறிவோம். சுப்பாராவின் சாதனைகளைப் போற்றும்போது, அவற்றுக்காகக் கொடுக்கப்பட்ட விலையில் ஒரு பங்கு அந்த அம்மையாருடையது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

உடலின் சில்லறைக்காசு

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியரோடு இணைந்து சுப்பாராவ் உயிர்வேதியியல் ஆய்வைத் தொடங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸ் என்னும் தனிமத்தின் அளவை அறிய அவ்விருவரும் ஓர் எளிய முறையை வகுத்தனர். ஆய்வுப்பொருளோடு சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நிறம் அடர்ந்திருந்தால் பாஸ்பரஸ் மிகுதி, வெளிறியிருந்தால் குறைவு. 1925 இல் வெளிவந்த இம்முறை ‘ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை’ என்னும் பெயரால் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தப்பட்டது.

இந்த அளவுகோலைக் கையில் ஏந்தி அவர்கள் தசையை ஆராய்ந்தனர். 1927 இல் கிரியாட்டின் பாஸ்பேட் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். தசை உழைக்கும்போது இப்பொருள் குறைகிறது. ஓய்வு கொள்ளும்போது மீண்டும் உருவாகிறது. அடுத்து 1929 இல் தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே ஆய்ந்து இதே பொருளைக் கண்டறிந்தார்.

ஏ.டி.பி. என்பது யாது? சாலைக் கடைத்தெருவில் ஐந்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை வாங்க ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் திகைப்பார். சில்லறை வேண்டும். அதுபோல, நாம் உண்ணும் சோறும் பருப்பும் பெரிய தாள்கள். உடலின் ஒவ்வோர் உயிரணுவும் அவற்றை ஏ.டி.பி. என்னும் சில்லறைக்காசாக மாற்றியே செலவிடுகிறது. நீங்கள் இவ்வரியைப் படிக்கும்போது உங்கள் கண்தசை அசைவதும் இக்காசினால்தான்.

சுப்பாராவ் 1930 இல் முனைவர் பட்டம் பெற்றார். அடிப்படை அறிவியலில் இத்தகைய கண்டுபிடிப்புகளுக்குப் பங்காற்றியும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. இது அவர் சந்தித்த இரண்டாவது பெரிய மறுப்பு. 1940 இல் அவர் நியூயார்க் மாநிலத்தில் இருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். பின்னர் அதன் ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநராக உயர்ந்தார்.

கீரையிலிருந்து கிடைத்த விடை

அக்காலத்தில் பல நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் இரத்தசோகைக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தனர். லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1928 இல் பம்பாய்க்கு வந்து, நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கருவுற்ற பெண்களை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றை உணவோடு கொடுத்தால் அவர்களுடைய இரத்தசோகை நீங்குவதைக் கண்டார். அச்சாற்றில் இருந்த பொருள் யாதென அவருக்குத் தெரியவில்லை. 1941 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து, வளர்ச்சியைத் தூண்டும் பொருள் ஒன்றை மிகச் சிறிதளவே பெற்றனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

ஆனால் நான்கு டன் கீரையிலிருந்து கிடைப்பது ஒரு சிட்டிகை என்றால், அது எத்தனை நோயாளிகளுக்குப் பயன்படும்? சுப்பாராவின் வழிகாட்டுதலில் லெடர்லே ஆய்வுக்குழு அப்பொருளைக் கல்லீரலிலிருந்து தூய்மையாகப் பிரித்தது. அதன் அமைப்பை ஆராய்ந்து, 1945 இல் அதனை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக உருவாக்கியது. அதன்பின் ஃபோலிக் அமிலம் வேண்டிய அளவில் கிடைத்தது. கருவுற்ற பெண்களின் இரத்தசோகைக்கு மட்டுமன்றி, ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. சுப்பாராவின் உடன்பிறந்தோரைப் பலிகொண்ட நோய்க்கு விடை அவர் தலைமையேற்ற கூடத்திலிருந்தே வந்தது.

நம் நாட்டில் வளரிளம் பருவத்து மாணவர்க்குப் பள்ளிகளில் வாரந்தோறும் நீலநிற மாத்திரை வழங்கும் திட்டம் உள்ளது. அம்மாத்திரையில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதை வேண்டா வெறுப்பாக விழுங்குவோரும் உண்டு! அம்மாத்திரைக்குப் பின்னால் பம்பாய்த் தொழிலாளப் பெண்களும், நான்கு டன் கீரையும், ஒரு நெடிய உழைப்பும் இருப்பதை இனி நினைவிற்கொள்வீர்.

உணவை மறித்து உயிரைக் காத்தல்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், ஃபோலிக் அமிலம் போன்ற பொருள்கள் இரத்தப் புற்றுநோய்க்கு உதவக்கூடும் என்று எண்ணினார். ஆனால் அவற்றைப் பெற்ற குழந்தைகளின் உடலில் நோய் விரைந்து வளர்வதுபோல் தோன்றியது. வேதனை தரும் அந்நிகழ்விலிருந்து அவர் ஒரு பாடம் கற்றார். புற்று உயிரணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை என்றால், அதனைத் தடுக்கும் பொருள் அவற்றை அடக்கக்கூடும் அன்றோ?

சுப்பாராவின் குழு அத்தகைய தடுப்புப் பொருள்களை உருவாக்கி அனுப்பியது. அவை ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் கொண்டவை. ஒரு பூட்டுக்குள் பொருந்தி, ஆனால் திறக்காமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவியை எண்ணிப் பாருங்கள். அமினாப்டெரின் என்னும் அப்பொருளை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களுள் 10 குழந்தைகளின் நிலை முன்னேறியது. அம்முன்னேற்றம் தற்காலிகமானதே, நோய் மீண்டும் தலைதூக்கியது. எனினும், இரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. இம்முடிவுகள் 1948 சூன் திங்களில் வெளியாயின. அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு மருந்தே மெத்தோட்ரெக்சேட். பிற மருந்துகளோடு சேர்த்து அது இன்றும் பயன்படுகிறது. முடக்குவாத நோயாளிகளுக்கும் அது வழங்கப்படுகிறது.

திருவிதாங்கூரின் பழைய நோய்

சுப்பாராவின் கூடத்திலிருந்து நம் ஊர்ப்பகுதிக்கு வந்து சேர்ந்த மருந்து மற்றொன்றும் உண்டு. முற்காலத்தில் திருவிதாங்கூர் நாட்டின் கடலோரப் பகுதிகளில், குறிப்பாகச் சேர்த்தலைப் பகுதியில், யானைக்கால் நோய் மிகுந்திருந்தது. எம்.ஓ.டி. ஐயங்கார் என்னும் பூச்சியியல் அறிஞர் திருவிதாங்கூரில் இந்நோயை விரிவாக ஆராய்ந்து 1938 இல் தம் ஆய்வை வெளியிட்டார். குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேர்களைப் பற்றிக்கொண்டு வளரும் கொசுக்கள் அங்கு நோயைப் பரப்புகின்றன என்பதை அவ்வாய்வு விளக்கியது. அச்செடிகளை அகற்றினால் கொசு குறையும். ஆனால் மனித இரத்தத்தில் ஏற்கெனவே புகுந்துவிட்ட நுண்புழுக்களை என் செய்வது?

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்க வீரர் பலரையும் இப்புழுத்தொற்று பற்றியது. அதனால் மருந்து தேடும் முயற்சி விரைவடைந்தது. 1947 இல் லெடர்லே ஆராய்ச்சியாளர்கள் டையெத்தில்கார்பமசைன் என்னும் மருந்தை அறிவித்தனர். ஹெட்ரசான் என்பது அதன் வணிகப் பெயர். 2004 முதல் நம் நாட்டில் நோயுள்ள மாவட்டங்களில், ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் அனைவருக்கும் இம்மருந்தை வழங்கும் இயக்கம் நடைபெறுகிறது. கொசுவை ஆராய்ந்தவர் திருவிதாங்கூரில் இருந்தார். மருந்தை ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவில் இருந்தனர். நோய் பின்வாங்க இருவகை உழைப்பும் தேவைப்பட்டன.

பெயர் பெறாப் பெருமை

லெடர்லே கூடத்தில், முதியவரான பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் அறிஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டறிந்தார். பலவகைத் தொற்றுநோய்களை அடக்கவல்ல அந்த நுண்ணுயிர்க்கொல்லி 1948 இல் அறிமுகமானது. அவ்வாய்வும் சுப்பாராவ் இயக்குநராக இருந்த காலத்தில் நிகழ்ந்ததே. தொற்றுநோயால் மகனை இழந்த தந்தை அவர் என்பதை இங்கு நினைத்தல் தகும்.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53 ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். அமினாப்டெரின் பற்றிய கட்டுரை வெளிவந்து இரண்டு திங்களே ஆகியிருந்தன.

அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஃபோலிக் அமிலத்தை உருவாக்கியதைக் கூறும் கட்டுரையில் அவர் பெயர் பதினைந்துக்கும் மேற்பட்ட பெயர்களுள் ஒன்றாகவே நிற்கிறது. ஃபார்பரின் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியோர் வரிசையில் அவர் இடம்பெறவில்லை. மருந்தின் தந்தை தாமே என்று அவர் உரிமை கொண்டாடவும் இல்லை. அவருடைய நூற்றாண்டையொட்டி 1995 இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரைச் சூட்டி அறிவியலாளர்கள் நன்றி செலுத்தினர்.

மாணவர்களே, சுப்பாராவின் வாழ்வில் மூன்று கதவுகள் அடைபட்டன. பள்ளித் தேர்வு ஒன்று. மருத்துவப் பட்டம் மற்றொன்று. பல்கலைக்கழகப் பதவி மூன்றாவது. ஒவ்வொரு முறையும் அவர் அடைபட்ட கதவின்முன் நின்று காலம் கழிக்காமல், தமக்கு எஞ்சியிருந்த வேலையைத் தேடிச் சென்றார். அவர் ஒருவரே அனைத்தையும் செய்தார் என்று கூறுதல் உண்மையன்று. அதை அவரே ஏற்றிருக்கவும் மாட்டார். லூசி வில்ஸ் கண்டதை வேறு சிலர் கீரையில் தேடினர். அவர்கள் தேடியதைச் சுப்பாராவின் குழு உருவாக்கியது. உருவாக்கியதை ஃபார்பர் நோயாளிகளிடம் கொண்டு சேர்த்தார். மருத்துவ அறிவியல் வளர்வது இவ்வாறே.

அடுத்த முறை உங்கள் வீட்டில் எவருக்கேனும் மருந்து வாங்கினால், அதன் அட்டையைப் படித்துப் பாருங்கள். மருந்தின் பெயர், நிறுவனத்தின் பெயர், விலை, காலாவதி நாள் ஆகியன அதில் இருக்கும். கண்டறிந்தவர் பெயர் இராது. அப்பெயரைத் தேடி அறிந்து, உங்கள் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

பயிற்சி

அ. பொருள் அறிக
1. உடற்கூற்றியல் – உடலுறுப்புகளின் அமைப்பை விளக்கும் கல்வி
2. இரத்தசோகை – இரத்தத்தில் சிவப்பணுவோ அதன் சத்தோ குறைந்த நிலை
3. உயிர்வேதியியல் – உயிர்களின் உடலில் நிகழும் வேதிமாற்றங்களை ஆராயும் துறை
4. நுண்ணுயிர்க்கொல்லி – நோய் தரும் நுண்ணுயிர்களை அழிக்கும் மருந்து
5. முடக்குவாதம் – மூட்டுகளில் வீக்கமும் வலியும் தரும் நோய்

ஆ. விடை எழுதுக
1. சுப்பாராவுக்கு முழுமையான மருத்துவப் பட்டம் கிடைக்காமைக்குக் காரணம் யாது?
2. ஏ.டி.பி. எதனோடு ஒப்பிடப்பட்டுள்ளது? அவ்வொப்புமையை விளக்குக.
3. ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது?
4. போலிச் சாவி என்னும் உவமை எம்மருந்தின் செயலை விளக்குகிறது? எவ்வாறு?

இ. சிந்தித்து எழுதுக
1. சேஷகிரி அம்மையார் தம் கணவருக்கு எழுதுவதாகக் கற்பனை செய்து கடிதம் ஒன்று வரைக.
2. கண்டுபிடிப்பின் பெருமை தலைமை ஏற்றவருக்கு உரியதா, குழுவினர் அனைவர்க்கும் உரியதா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.